பைத்தியத் திரை

"சிரிக்கிறாங்க, வாத்தியாரே," என்றாள் தனபாக்கியம்.

எல்லப்ப வாத்தியார் மரக் கிரீடத்தில் கண்ணாடிச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு?"

"சனங்கதான். புருஷனைப் பறிகொடுத்தவ தலையை விரிச்சிப் போட்டுக்கிட்டு வர்றா. திடல் முழுக்கச் சிரிக்குது."

"நீ என்ன பண்ணினே?"

"பைத்தியத்தை நடிச்சேன்."

"பைத்தியத்தைப் பார்த்தா சிரிக்கத்தான் சிரிப்பாங்க."

அவர் இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவள் நின்றாள். அவர் அடுத்த சில்லை எடுத்துப் பசையில் தோய்த்தார்.

அது ஊர் ஊராகப் போய்க் கோயில் திடல்களில் விடிய விடிய ஆடும் கூத்துக் கம்பெனி. அவர்களுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மரகதவல்லி நாடகம். கதை சின்னக் கதைதான். அரசன் தன் மகள் மரகதவல்லியின் புருஷனை வெட்டிவிட்டு, காட்டில் புலி அடித்தது என்று ஊருக்குச் சொல்கிறான். வெட்டியதை மகள் பார்த்துவிட்டாள். சபையில் வந்து சொல்கிறாள். துக்கத்தில் இவளுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்கிறான் அரசன். சபையும் ஆமாம் என்கிறது. பிறகு அவள் தலைவிரிகோலமாக மறுபடி வருகிறாள். பூவைப் பிய்த்துத் தின்கிறாள், சிரிக்கிறாள், அழுகிறாள், கடைசியில் ஆற்றில் விழுந்து சாகிறாள்.

கிழக்கு வெளுக்கிற நேரத்தில் அவள் அப்படி வருவதற்குக் கம்பெனியில் பைத்தியத் திரை என்று பேர்.

அந்த வேஷத்தை நெடுங்காலம் கட்டியவர் தாண்டவராயன். பூவைத் தின்றுவிட்டு ஏப்பம் விடுவார். சனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும். பிறகு தொந்தி விழுந்து, சேலை கட்ட முடியாமல் போய், அரசன் வேஷத்துக்கு மாறினார். அந்த இடத்துக்கு வந்தவள் தனபாக்கியம். கம்பெனியின் முதல் பொம்பளை. செங்கல் சூளையில் பாடிக்கொண்டே கல் அறுத்தவளை வாத்தியார்தான் கூட்டி வந்தார். கூட்டி வந்தபோதே அவளுக்கு நாற்பது வயசு கிட்டத்தில் இருக்கும்.

"அடுத்தது கல்லேரித் திருவிழா," என்றார் வாத்தியார். "அங்கயும் சிரிச்சா, வேஷம் திரும்பவும் தாண்டவராயனுக்கு. சிரிக்க வைக்கத்தான்னா அவனே போதும். சேலையை அகலமா வாங்கிக்கலாம். ஊர்க்காரங்க அவனைத்தான் கேக்கறாங்க, நான் என்ன பண்ண?"

தாண்டவராயன் பக்கத்தில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"சூளையில ஆள் பத்தலையாம் பாக்கியம். சொல்லி வைக்கட்டுமா?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பைத்தியத்தை எப்படி நடிக்கணும்னு சொல்லிக் குடுங்க வாத்தியாரே. சொல்லித் தராம வேஷத்தைப் பிடுங்கினா என்ன நியாயம்?"

"நாளைக்குச் சொல்றேன்," என்றார் அவர்.

*

மறுநாள் காலை கோயில் தோப்பில் கஞ்சி ஊற்றினார்கள். ஊற்றியவன் ஏழுமலை. கம்பெனியின் கட்டியக்காரன், அதாவது கோமாளி.

தனபாக்கியம் ஒரு வாய் குடித்தாள்.

"உப்பே இல்லியே ஏழுமலை அண்ணா."

"சரிம்மா," என்றான் ஏழுமலை. மெத்தென்று சொன்னான்.

"என்ன சரிம்மா? உப்பு இல்ல. வாயில வெச்சிப் பாரு."

"இருக்கட்டும்மா. நீ மெதுவாக் குடி. சுடும்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தாண்டவராயன் அவள் காதுபடவே ரகசியம் பேசினார்.

"தூக்கம் இல்ல போல."

"நல்லாத் தூங்கினேன்! கஞ்சியில உப்பு இல்லேன்னு சொல்றேன், காதுல விழலியா?"

"தூங்கினேன்னுதான் சொல்லுவாங்க," என்றார் தாண்டவராயன் ஏழுமலையிடம்.

தனபாக்கியம் சிரித்துவிட்டாள். "என்னய்யா, ஆளாளுக்கு விளையாட்டா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சிரிக்குது பாரு," என்றார் தாண்டவராயன்.

சிரிப்பு அடங்கிப் போயிற்று. வாயை மூடிக்கொண்டாள்.

"இப்ப பேச்சு நின்னுடுச்சு. தனக்குள்ளயே என்னமோ ஓடுது."

கோபத்தில் அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது.

"அழட்டும். அழுதா தெளியும்," என்றான் ஏழுமலை.

கஞ்சிக் கலயத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு வாத்தியாரிடம் போனாள். அவர் நேற்றைய இடத்திலேயே கிரீடமும் பசைச் சட்டியுமாக உட்கார்ந்திருந்தார்.

"வாத்தியாரே, இவங்க ரெண்டு பேரும்..."

"வாம்மா தனபாக்கியம். உடம்புக்கு எப்படிம்மா இருக்கு?"

இத்தனை வருஷத்தில் அவர் அவளை ஏய் என்பார், பாக்கியம் என்பார், மாடு என்றுகூடச் சொல்லியிருக்கிறார். இந்தத் தேன் குரலை அவள் கேட்டதே கிடையாது.

"எனக்கு ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லம்மா. ஒண்ணுமே இல்ல. இப்படி நிழல்ல உக்காரு."

அவள் பசைச் சட்டியை ஓங்கி ஒரு உதை விட்டாள். சட்டி மரத்தில் மோதி உடைந்தது. கண்ணாடிச் சில்லுகள் தோப்பெல்லாம் இறைந்தன.

வாத்தியார் பதறவில்லை. "பரவாயில்லம்மா. பரவாயில்ல."

"திட்டுங்க!" என்று அலறினாள் தனபாக்கியம். "நான் ஒடைச்சேன்! திட்டுங்க என்னை!"

தோப்பில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

வாத்தியார் தலையில் ஒட்டியிருந்த பசையை வழித்துப் போட்டார். பிறகு தன்னுடைய பழைய குரலில் சொன்னார்:

"உக்காரு மாடு."

உட்கார்ந்தாள்.

"கஞ்சியில உப்பு இருந்துச்சா?"

"இல்ல."

"இல்லதான். நான்தான் போட வேணாம்னேன்."

அவள் அவரை எரித்துவிடுவதுபோலப் பார்த்தாள்.

"சட்டியை ஒதைச்சியே, அது என்ன?"

"கோவம்."

"ஏழுமலை கண்ணுக்கு அது என்னவா தெரிஞ்சிருக்கும்?"

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏழுமலை தூரத்தில் கலயத்தோடு தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"போ," என்றார் வாத்தியார். "சில்லைப் பொறுக்கி வெச்சிட்டுப் போ."

*

அவள் சில்லைப் பொறுக்கவில்லை. நேரே ஏழுமலையிடம் போனாள்.

கூத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த வேஷம் திரைக்கு வெளியே வந்தாலும் கட்டியக்காரன்தான் முதலில் எதிர்கொள்ள வேண்டும். யாரய்யா நீர், எந்த நாடு, வந்த காரியம் என்ன என்று கேட்க வேண்டும். வேஷம் தன் பேரைச் சொல்லும். சொல்லி முடிக்கும்வரை மேளம் நிற்காது.

"ராஜாவைக் கேக்கறே," என்றாள் தனபாக்கியம். "மந்திரியைக் கேக்கறே. அன்னிக்கு வேட்டை நாய் வேஷத்துல ஒருத்தன் வந்தான். அவனையும் கேட்டே."

"எந்தத் தெரு நாய்னு கேட்டேன். நல்லா எடுபட்டுச்சே."

"என்னைக் கேக்கலியே?"

"கல்யாணத் திரையில கேக்கறனே தங்கச்சி."

"பைத்தியத் திரையில?"

ஏழுமலைக்குச் சிரிப்பு வந்தது. சற்று முன் நடந்தது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டான்.

"பைத்தியத்தைப் போய் யாராவது பேர் கேப்பாங்களா? அதுக்கு வழக்கம் இல்லியே. ஓடுங்க ஓடுங்கன்னு நான் ரெண்டு தமாஷ் சொல்லணும். நீ சிரிச்சிக்கிட்டே வரணும். அதானே திரை?"

"யார் வெச்ச வழக்கம்?"

அவன் வாத்தியாரைப் பார்த்தான். அவர் எழுந்து வந்திருந்தார்.

"என் வாத்தியார் வெச்சது," என்றார். "அவருக்கு அவரோட வாத்தியார் சொல்லியிருப்பார்."

"நீங்க கேட்டதில்லியா, ஏன்னு?"

வாத்தியார் விரலில் காய்ந்திருந்த பசையை உரித்தார்.

"இல்ல," என்றார். "தாளம் போட்டுக்கிட்டு இருந்தேன். சனங்க சிரிச்சப்போ நானும்கூடச் சிரிச்சிருக்கேன்."

"அப்ப மாத்துங்க. இவரைக் கேக்கச் சொல்லுங்க."

"மாட்டேன்."

"ஏன்?"

"நான் சொல்லி அவன் கேட்டா, அது கேட்டதாகுமா?"

"அப்ப நான் என்னதான் பண்றது?"

வாத்தியார் திரும்பி நடந்துவிட்டார். உடைந்த சட்டியின் அருகில் குந்தி, சில்லுகளைத் தாமே ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினார்.

*

கல்லேரியில் நல்ல கூட்டம். விடியும் நேரம் ஆகியும் யாரும் எழுந்து போகவில்லை. பைத்தியத் திரைக்காகக் காத்திருந்தார்கள்.

இரண்டு பேர் திரைத்துணியைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். மேளம் முழங்கியது. முகவீணைக் குழல் கிறீச்சிட்டது. துணி இறங்கியது.

தனபாக்கியம் நின்றாள். கூந்தலை இறுக்கி முடிந்திருந்தாள். கையில் பூ இல்லை.

"ஓடுங்க, ஓடுங்க!" என்று குதித்தான் ஏழுமலை. "அரண்மனைப் பைத்தியம் வருது! பூவெல்லாம் தின்னு தீத்துடுச்சு, இனி உங்க மூக்கைத்தான் தின்னும்!"

திடல் சிரித்தது.

அவள் சிரிக்கவில்லை. அடியெடுத்தும் வைக்கவில்லை. இறங்கிய திரையின் ஓரத்தை ஒரு கையால் பற்றிக்கொண்டு ஏழுமலையையே பார்த்தாள்.

கத்தினால் பைத்தியம். சிரித்தால் பைத்தியம். அழுதால் பைத்தியம். பேசாமல் இருந்தாலும் பைத்தியம்தான். அது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் நின்றாள்.

ஏழுமலை இன்னொரு தமாஷ் சொன்னான். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். இன்னொன்று சொன்னான். அவன் குரல் அவனுக்கே கேட்டது.

மேளம் சுற்றிச் சுற்றி வந்தது. மேளக்காரர் வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டு தாளத்தை விடாமல் தட்டினார்.

அரசன் வேஷத்தில் பெஞ்சின் மேல் உட்கார்ந்திருந்த தாண்டவராயன் பல்லைக் கடித்தார். "வசனத்தைச் சொல்லேன். மானம் போவுது."

அவள் திரும்பவில்லை.

"மறந்துட்டா போலருக்கு!" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"தாண்டவராயனைச் சேலை கட்டிட்டு வரச் சொல்லு!" என்று இன்னொன்று. விசில் பறந்தது.

மறுபடி சூளைக்குத்தானா என்று ஓடியது அவளுக்கு. திரையை விடாமல் நின்றாள்.

விசில் ஓய்ந்தது. சிரிப்பும் ஓய்ந்தது. மேளம் மட்டும் போய்க்கொண்டிருந்தது. சனங்கள் இப்போது அவளைத்தான் பார்த்தார்கள். இந்தத் திரையில் இவ்வளவு நேரம் அவளை யாரும் பார்த்ததில்லை. பார்க்க விட்டதில்லை.

முன்னால் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"ஏய் கோமாளி! வாயில என்ன, கொழுக்கட்டையா? வந்தவளை யாருன்னு கேளேன்டா!"

சிலர் சிரித்தார்கள். இந்தத் தடவை ஏழுமலையைப் பார்த்து.

"நாயைக் கேட்டியே! இவளைக் கேளு!" என்றாள் பின்னாலிருந்து இன்னொருத்தி.

"கேளுய்யா!"

ஏழுமலை வாத்தியாரைப் பார்த்தான். அவர் கண் மூடியே இருந்தது. முகத்தைத் துடைத்தான். கன்னத்து வெள்ளைப் புள்ளியெல்லாம் கலைந்து வழிந்தது. அவளருகில் போனான். கோமாளிக் குரல் வரவில்லை.

"யாரம்மா நீங்க?" என்று கேட்டான். "என்ன நடந்துச்சு?"

"என் பேரு மரகதவல்லி."

மேளம் நின்றது.

"என் புருஷனைப் புலி அடிக்கல," என்றாள். பாட்டாகச் சொல்லவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "இதோ உக்காந்திருக்காரே, எங்கப்பா. இவர்தான் வெட்டினார். நான் பக்கத்துல நின்னேன். ரத்தம் என் கால்ல விழுந்துச்சு. சபையில சொன்னேன். யாரும் திருப்பி ஒரு வார்த்தை கேக்கல."



அடுத்தது அரசனின் வசனம். புத்தி கலங்கிய பேதையின் பேச்சு, இழுத்துச் செல்லுங்கள் இவளை என்பது. தாண்டவராயன் அதை எப்போதும் சபையைப் பார்த்து, மீசையை முறுக்கி, தொடையைத் தட்டிச் சொல்வார். கைதட்டல் விழும்.

எழுந்தார். மீசையை முறுக்கினார். சபையைப் பார்த்துத் திரும்பினார்.

சபை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வாய் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தொடையைத் தட்டப் போன கை பாதியில் நின்றுவிட்டது. அவர் மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்து முணுமுணுத்தார்:

"வாத்தியாரே... வசனத்தை எடுத்துக் குடுங்க."

எல்லப்ப வாத்தியார் கண்ணைத் திறந்தார்.

"வசனம் உனக்குத் தெரியும்," என்றார், திடலுக்கே கேட்கும்படி. "சனங்களைப் பார்த்துச் சொல்லாதே. அவளைப் பார்த்துச் சொல்லு."