நடுவர் அடித்த மணி

திருவிழாப் பட்டிமன்றத்துக்கு அமைச்சர் வேதாச்சலமே நடுவர். நானே இருக்கிறேன் என்று அவர் சொன்ன பிறகு ஊரில் யார் மறுப்பது? தலைப்பு: நம் ஊரில் பேச்சுச் சுதந்திரம் இருக்கிறதா, இல்லையா?

"இருக்கிறது" அணியில் அமைச்சரின் மச்சான், மருமகன், டிரைவர். "இல்லை" அணிக்கு ஒரே ஆள், ஊர் ஊராகப் போய்ச் சிரிக்க வைக்கும் பொன்னுரங்கம். மேடைக்குப் பின்னால் அமைச்சர் அவன் தோளில் கை போட்டார்.

"தம்பி, நல்லா பேசணும். ஆனா சுதந்திரம் இல்லைன்னு மட்டும் சொல்லிடாதே. சொன்னா, இனி இந்த மாவட்டத்துல நீ மைக்கையே பார்க்க முடியாது."

"சரிங்கய்யா" என்றான் பொன்னுரங்கம்.

மூன்று பேரும் ஆளுக்கு அரை மணி நேரம் அமைச்சரைப் புகழ்ந்து தள்ளினார்கள். பிறகு பொன்னுரங்கம் எழுந்தான். மைக்கைத் தட்டிப் பார்த்தான். சோடாவை நிதானமாகக் குடித்தான். அமைச்சரைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பினான். அவ்வளவுதான், கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. என்ன சொல்லப் போகிறானோ என்று பதறிய அமைச்சர், நேரம் முடிந்தால் அடிக்கிற மணியை எடுத்து அடி அடியென்று அடித்தார்.

பொன்னுரங்கம் கைகூப்பினான். "நடுவர் அவர்களே, நான் இன்னும் வாயே திறக்கலீங்க. அதுக்குள்ள எங்க அணிக்காக நீங்களே பேசி முடிச்சுட்டீங்க. ரொம்ப நன்றி!"