ஐந்து வகுப்புக்கும் ஒரே ஓலை

முன்னொரு காலத்தில் மேழிநாடு என்றொரு நாட்டைக் கும்பகேசரி என்ற ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. காலையில் ஒன்று சொல்வார், மத்தியானம் சாப்பிட்டு எழுந்ததும் வேறொன்று சொல்வார், அவ்வளவுதான்.

அண்டை நாட்டுத் தூதன் ஒருவன், தங்கள் ஊரில் மாடு மேய்க்கிற பிள்ளைகூட எழுத்துக் கூட்டிப் படிக்கும் என்று பெருமையடித்துவிட்டுப் போனான். அன்றிலிருந்து ராஜாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நாடு முழுவதும் ஒரே நாளில், ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாருக்கும் ஒரே ஓலையில் தமிழ்ப் பரீட்சை என்று பறையறையச் செய்தார். தேறாத பள்ளிக்கூடத்தை இழுத்து மூடிவிடுவது என்றும் உத்தரவு போட்டார்.

ஓலை எழுதும் பொறுப்பு ஆஸ்தானப் புலவர் கோதண்டபாணியிடம் போனது. தலைநகரப் பள்ளியும் அவர் மேற்பார்வையில்தான் இருந்தது. ராஜாவின் புகழைப் பல்லுடைக்கும் பாட்டாகக் கட்டி, அதைப் பிள்ளைகள் உரக்கப் படிக்க வேண்டும் என்று வைத்தார். அந்தப் பாட்டை முன்கூட்டியே தம் பள்ளிக்கு அனுப்பி, தொண்டை கட்டும்வரை ஒப்பிக்க வைத்ததை மட்டும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

தலைநகரப் பள்ளியில் அத்தனை பேரும் தேறினார்கள். கடலோரத்து உப்பங்கழிப் பள்ளியிலோ ஐந்தாம் வகுப்பு மட்டும் கரையேறியது. நான்காம் வகுப்பு தட்டுத்தடுமாறிப் பாதிவரை வந்தது. சின்ன வகுப்புகள் முதல் சொல்லிலேயே நின்றுவிட்டன.

உப்பங்கழி வாத்தியார் கயிலாசத்தை அரண்மனைக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. வழியெல்லாம் அவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. பள்ளி மூடினால் மறுநாளே பிள்ளைகள் உப்பளத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே போன பிள்ளை எதுவும் மறுபடி ஓலையைக் கையில் எடுத்ததாக அவர் பார்த்ததில்லை.

சபையில் புலவர் சும்மா இருப்பாரா? உப்பங்கழியில் பள்ளி வேண்டும் என்று கேட்டு வாங்கியவர் அமைச்சர் திருவேங்கடர். அமைச்சர்மேல் புலவருக்கு நெடுநாள் புகைச்சல். உப்பு அள்ளுகிற கைக்கு எழுத்தாணி எதற்கு, அமைச்சரின் ஆசைக்கு அரசாங்கம் அழுவதா என்று வாய்க்கு வந்தபடி பேசினார். கயிலாசத்துக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது.

அமைச்சர் நிதானமாகக் கேட்டார்: “புலவரே, உங்கள் பள்ளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் என்ன வித்தியாசம்?”

“வித்தியாசமே கிடையாது. எல்லாரும் ஒரே மாதிரி தேறியவர்கள்.”

“அதுதான் எனக்கும் உறுத்துகிறது” என்றார் அமைச்சர். பிறகு ராஜாவிடம் திரும்பி, மகாராஜா முன்னிலையிலேயே இன்னொரு பரீட்சை வைக்கலாம் என்றும், இந்தத் தடவை ஓலையைத் தாமே எழுதுவதாகவும் சொன்னார். ராஜா அப்போது நல்ல மனநிலையில் இருந்தார். சரி என்றார்.

இரண்டு பள்ளிகளின் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் ராஜாவின் அதிரசத் தட்டு இருந்தது. அதிலிருந்து ராணிக்குக்கூட ஒன்று கிடைத்ததில்லை என்பது ஊரறிந்த சங்கதி.

தலைநகரப் பிள்ளைகள் ஓலையை வாங்கியதுதான் தாமதம், ஐந்து வகுப்பும் எழுந்து நின்று ஒரே குரலில் ராஜாவின் புகழ்ப் பாட்டை முழங்கினார்கள். புலவர் தலையாட்டி ரசித்தார். ராஜாவுக்கும் மனசு குளிர்ந்துவிட்டது.

பிறகு உப்பங்கழியின் முறை. ஒன்றாம் வகுப்பு ஓலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து விழித்தது. இரண்டாம் வகுப்பு எழுத்துக் கூட்டிப் பார்த்துப் பாதியில் விட்டது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தட்டைப் பார்த்தார்கள், ராஜாவைப் பார்த்தார்கள், தலையைக் குனிந்துகொண்டார்கள். நான்காம் வகுப்பு எழுந்து இரண்டடி வைத்துவிட்டு நின்றது. ஐந்தாம் வகுப்புப் பேச்சியம்மாள் மட்டும் நேரே நடந்துபோய், தட்டிலிருந்து ஓர் அதிரசத்தை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

‘ஐயோ, பள்ளியோடு பிள்ளையும் போச்சே’ என்று கயிலாசம் பதறினார்.

“யார் சொல்லி எடுத்தாய்?” என்று ராஜா உறுமினார்.

பேச்சியம்மாள் வாயைத் திறக்கவில்லை. ஓலையை மட்டும் நீட்டினாள்.

ராஜா வாங்கிப் படித்தார். ‘வாயைத் திறக்காதே. நேரே போய் அரசர் தட்டிலிருந்து ஓர் அதிரசம் எடுத்துக்கொள்’ என்று அமைச்சரின் கையெழுத்தில் இருந்தது. எல்லாருக்கும் அதே ஓலைதான். ராஜா அதை இன்னொரு முறை படித்தார். முகம் சிவந்தது. பிறகு என்ன தோன்றிற்றோ, தலைநகரப் பள்ளி ஐந்தாம் வகுப்பில் எல்லாரையும்விட வளர்ந்திருந்த பையனைக் கூப்பிட்டார்.

“உன் ஓலையில் என்ன எழுதியிருக்கிறது?”

பையன் ஓலையைப் பார்த்தான். கண் கலங்கிவிட்டது. “தெரியாதுங்க மகாராஜா. எனக்குப் படிக்கத் தெரியாது. இதுவரைக்கும் யாரும் கேக்கலைங்க.”

அமைச்சர் சொன்னார்: “மகாராஜா, உப்பங்கழியில் ஒவ்வொரு வகுப்பும் முந்தின வகுப்பைவிட ஓரடி முன்னால் போய் நின்றது. அந்த ஓரடிதான் ஒரு வருஷப் படிப்பு. தலைநகரத்தில் நாலு வருஷம் எங்கே போயிற்று என்று புலவரைத்தான் கேட்க வேண்டும்.”

ராஜா தம் முத்துமாலையைக் கழற்றி அமைச்சர் கழுத்தில் போட்டார். உப்பங்கழிப் பள்ளி மூடப்படாது என்றார். கயிலாசத்தைப் பார்த்து என்ன வேண்டும் கேள் என்றார்.

கயிலாசத்தின் பார்வை, அழுதுகொண்டு நின்ற அந்தப் பையன்மேலேயே இருந்தது. “இந்தப் பிள்ளைங்களை எங்கிட்ட விடுங்க மகாராஜா. படிக்க வச்சு அனுப்பறேன்.”

“எந்த வகுப்பில் உட்கார வைப்பாய்?”

“எல்லாரையும் ஒண்ணாம் வகுப்புலதாங்க.”

“அப்படியே ஆகட்டும்” என்ற ராஜா, புலவர் பக்கம் திரும்பினார். “நீரும் கூடப் போய் அவர்களோடு உட்காரும். எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று வாத்தியாருக்குச் சரியாகச் சொல்லும் நாளில்தான் உமக்கு இரண்டாம் வகுப்பு.”