தண்ணீரோடு நடந்தவர்

உங்கள் பாட்டனுக்குப் பாட்டனும் பிறக்காத காலம் அது. பெரிய ஏரி ஒன்றுக்குச் சேந்தன் என்று ஒரு மடைக்காவலர் இருந்தார். கை சுத்தமானவர், சொல் தவறாதவர். ஒரே ஒரு குறை, தன்னைப் போல நியாயவான் அந்த நாட்டிலேயே இல்லை என்று அவருக்கு ஒரு நினைப்பு.

அந்த நினைப்பைக் கொடுத்தது ஒரு செப்பு வட்டில். அதன் அடியில் ஊசி முனையளவு துளை. மடையைத் திறந்ததும் பானைத் தண்ணீரில் வட்டிலை மிதக்க விடுவார். துளை வழியே நீர் ஏறி வட்டில் மூழ்கினால் ஒரு மணி அடிப்பார். நான்காவது மணிக்கு மடையை மூடிவிடுவார். ஏரியை ஒட்டி நிலம் வைத்திருந்த மாசாத்தருக்கும் நான்கு வட்டில்தான், வாய்க்காலின் கடைக்கோடியில் அரைக்காணி வைத்திருந்த கொற்றிக்கும் நான்கு வட்டில்தான்.

அந்த ஆண்டு மழை பொய்த்தது. கொற்றியின் பயிர் பால் பிடிக்கும் நேரம். தண்ணீர் பாய்ந்தால் நெல், பாயாவிட்டால் பதர். தண்ணீர் போதவில்லை என்று வந்து சொன்னாள். எல்லாருக்கும் நான்கு வட்டில் என்றார் சேந்தன். மறுபடியும் வந்தாள். மறுபடியும் அதையே சொன்னார். மூன்றாம் முறை வந்தவள் புகார் எதுவும் சொல்லவில்லை.

"உங்க வட்டில்ல குறை இல்லைங்க ஐயா. என் முறை வரும்போது ஒரே ஒரு தடவை தண்ணி கூடவே நடந்து வாங்க" என்றாள்.

இதில் என்ன இருக்கிறது என்று சேந்தனும் ஒத்துக்கொண்டார். துணைக்காவலரை வட்டிலருகே உட்கார வைத்துவிட்டு நடந்தார். மணல் திட்டில் தண்ணீர் நின்றது. மணல் குடித்து முடிக்கும்வரை அவரும் நின்றார், முதல் மணி கேட்டது. நண்டு வளைகளில் தண்ணீர் நின்றது. அவரும் நின்றார், இரண்டாம் மணி கேட்டது. வெடித்த களிமண்ணில் தண்ணீர் நின்றது. வெடிப்புகள் ஒவ்வொன்றாக நிறைவதற்குள் மூன்றாம் மணியும் போயிற்று. கொற்றியின் வயலுக்குள் தண்ணீர் தலை நீட்டியபோது எங்கோ வெகு தூரத்தில் நான்காம் மணி அடித்தது. வாய்க்காலில் மிச்சமிருந்தது வந்து வரப்போரத்தை நனைத்ததோடு சரி.

சேந்தனுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை ஆண்டும் இவளுக்கு வானம்தான் தண்ணீர் கொடுத்திருக்கிறது, நான் கொடுத்தது வெறும் மணிச்சத்தம் என்று எண்ணிக்கொண்டார்.

கொற்றி குத்திக்காட்டவில்லை. மோர் கலந்த நீராகாரம் கொடுத்தாள். "இவ்வளவு தூரம் நடந்து வந்த முதல் ஆள் நீங்கதாங்க" என்று கை கூப்பினாள். அவர் தலை நிமிராமல் குடித்தார்.

அடுத்த முறை கொற்றியின் வட்டில், தண்ணீர் வந்து சேர்ந்த பிறகு, அவள் வயலில்தான் மிதக்கும் என்று சேந்தன் அறிவித்தார். மாசாத்தர் சும்மா இருப்பாரா? மடைக்காவலர் ஒருபக்கம் சாய்ந்துவிட்டார் என்று அரசரிடம் ஓடினார். கொற்றியின் முறை வந்த காலையில் அரசரே ஏரிக்கரைக்கு வந்து நின்றார். அவர் கூடாதென்று ஒரு சொல் சொன்னால் போதும், அவள் பயிர் போய்விடும்.

அளவை மாற்றினாயா என்று அரசர் சேந்தனைக் கேட்டார்.

"அளவை மாத்தலை அரசே, அளக்கிற இடத்தை மாத்தினேன். வாயால சொன்னா விளங்காது, எனக்கே விளங்கலை. தண்ணி கூடவே நடந்து வாங்க."

அரசர் பார்க்கட்டும் என்று முதலில் பழையபடி மடையருகிலேயே வட்டிலை மிதக்க விட்டு மடையைத் திறந்தார்கள். அரசர் குதிரையை விட்டிறங்கி நடந்தார். மாசாத்தரும் வேறு வழியில்லாமல் பின்னால் நடந்தார். மணலில் நின்றார்கள், நண்டு வளையில் நின்றார்கள், களிமண் வெடிப்பில் நின்றார்கள். வயலோரம் வந்ததும் நான்காம் மணி கேட்டது.

அரசர் திரும்பினார். "மாசாத்தரே, இதே நாலு வட்டில்தான். உம்ம வயலை இவளுக்குக் கொடுத்துட்டு இவ வயலை நீர் எடுத்துக்கிறீரா?"

மாசாத்தர் வெடிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அரசர் குதிரைவீரனை அனுப்பி மடையை மறுபடி திறக்கவும் வட்டிலை இங்கே எடுத்து வரவும் சொன்னார். வயலுக்குள் தண்ணீர் இறங்கிய பிறகு தம் கையாலேயே வட்டிலை மிதக்க விட்டார்.

அறுவடை முடிந்ததும் முதல் கதிர்க்கட்டோடு கொற்றி சேந்தனிடம் நன்றி சொல்ல வந்தாள். அவர் எழுந்து நின்று கும்பிட்டார்.

"நான்தாம்மா உனக்கு நன்றி சொல்லணும். நீ கூப்பிடலைன்னா, நான் நியாயவான்னு நினைச்சுக்கிட்டே செத்திருப்பேன்."

ஆகவே கேட்டவர்களே, எல்லாருக்கும் ஒரே அளவு என்று சொல்லிவிட்டால் நியாயம் முடிந்துவிடாது, கடைசியில் இருப்பவருக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று கூடவே நடந்து பார்ப்பதுதான் நியாயம்.