கருவனும் பித்தளைக் குடமும்

முன்னொரு காலத்திலே ஒரு ராஜா இருந்தார். இருந்துவிட்டுப் போகட்டும், அவரை அரண்மனையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இந்தக் கதை கைப்பிடிக்குள் அடங்குகிற ஒரு கருஞ்சிட்டின் கதை. ஆனால் சண்டை என்று வந்தால் ராஜாவெல்லாம் அதனிடம் பிச்சை வாங்கவேண்டும், அப்படிப்பட்ட சண்டை!

கரட்டூரில் வெள்ளையம்மா என்று ஒருத்தி மோர் விற்றுப் பிழைத்தாள். அவள் வீட்டு மண்சுவரில், எப்போதோ முளை அடித்துப் பிடுங்கிய ஒரு பொந்து. அந்தப் பொந்தில்தான் கருவனும் செம்பியும் குடித்தனம் வைத்தார்கள். கருவன் ஆண். உடம்பெல்லாம் மை மாதிரி கறுப்பு, தோளில் மட்டும் ஒரு கீற்று வெள்ளை, வால் எப்போதும் வானத்தைப் பார்த்து நிற்கும். செம்பி பெண். மண்ணோடு மண்ணாய்த் தெரிகிற பழுப்பு நிறம்.

கூடு கட்டியது செம்பிதான். வேர் கொண்டு வந்தாள், தேங்காய் நார் கொண்டு வந்தாள், ஆட்டு மயிர் கொண்டு வந்து மெத்தை போட்டாள். கடைசியில் வேலியோரத்தில் கிடந்த பாம்புச் சட்டையில் ஒரு துண்டைக் கொண்டு வந்து பொந்தின் வாயில் தொங்கவிட்டாள். அவள் அம்மா அப்படித்தான் செய்தாள், அம்மாவுக்கு அம்மாவும் அப்படித்தான் செய்தாள்.

கருவனுக்கு வந்ததே கோபம்! “நான் ஒருத்தன் காவலுக்கு இருக்கிறேன். செத்த பாம்பின் சட்டை எதற்கு?” என்று அதை அலகால் கவ்வி வெளியே எறிந்துவிட்டான். செம்பி மூன்று முட்டையிட்டு அடைகாக்க உட்கார்ந்தாள்.

காலையில் ஒருமுறை அவள் வயிற்றைப் பார்க்கவேண்டுமே. கறையான் புற்றுக்குப் போய், நாலு கறையான், ஒரு வெட்டுக்கிளி, கிடைத்தால் ஒரு புழு என்று தின்றுவிட்டு ஓடி வருவாள். அதுவரை பொந்தைப் பார்த்துக்கொள்வது கருவன் பொறுப்பு. அவ்வளவுதான் அவனுக்கு வேலை.

அந்த நேரம் பார்த்து வெள்ளையம்மா புதுப் பித்தளைக் குடம் ஒன்று வாங்கினாள். புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள், கழுவிக் கல்மேல் கவிழ்த்து வைத்தாள். வெயில் பட்டதும் குடம் தகதக என்று ஜொலித்தது.

கருவன் பார்த்தான். குடத்துக்குள்ளே ஒருத்தன்! கறுப்பு உடம்பு, தோளில் வெள்ளை, வால் மேலே. இவன் வாலை ஆட்டினான், அவனும் ஆட்டினான். இவன் நெஞ்சை நிமிர்த்தினான், அவனும் நிமிர்த்தினான். என் எல்லைக்குள் வந்து எனக்கே பழிப்புக் காட்டுகிறாயா என்று பாய்ந்தான் பாருங்கள்! ணங்! ணங்! ணங்! குடம் கோயில் மணியாய் ஒலித்தது.

முருங்கை மரத்தில் ஓர் அணில் உட்கார்ந்திருந்தது. அணில்தானே, சாது என்று நினைக்கிறீர்கள். முட்டையைக் கண்டால் அதன் சாதுத்தனம் எங்கே போகுமோ தெரியாது. ணங் என்று சத்தம் கேட்கிறவரை காவல்காரன் திரும்பமாட்டான் என்று அது புரிந்துகொண்டது. நழுவி வந்தது, ஒரு முட்டையை எடுத்தது, போய்விட்டது.

செம்பி திரும்பி வந்தாள். இரண்டு முட்டைதான் இருந்தது.

கருவன் மூச்சு வாங்க வந்து, தோளில் வெள்ளையோடு எவனோ ஒரு திருட்டுப்பயல் வந்திருக்கிறான், அவன்தான் எடுத்திருப்பான், நாளைக்கு அவனை உண்டு இல்லை என்று பண்ணிவிடுகிறேன் என்றான். பொந்தைவிட்டு நகராதே, அது போதும் என்று செம்பி கெஞ்சினாள்.

கேட்டானா? மறுநாள் குடத்தின் அருகே போய்ப் பார்த்தால், உள்ளே இருந்தவன் வயிறு உப்பித் தெரிந்தது. குடத்தின் வளைவுக்கு யார் வயிறும் உப்பத்தான் செய்யும். அது கருவனுக்குத் தெரியுமா? என் முட்டையைத் தின்றுதானே இந்தத் தொப்பை என்று முன்னைவிட இரண்டு மடங்கு வெறியோடு கொத்தினான். ணங்! ணங்! ணங்! அணில் வந்தது, இரண்டாவது முட்டையும் போயிற்று.

இங்கே இப்படி என்றால், வெள்ளையம்மா வீட்டில் வேறு கூத்து. புதுக் குடத்தில் கீறல், கறை. பக்கத்து வீட்டுக் காத்தாயியும் மோர் விற்கிறவள். தொழில் பொறாமையில் அவள்தான் செய்திருக்கிறாள் என்று வெள்ளையம்மா முடிவே கட்டிவிட்டாள். மூன்றாம் நாள் காலையில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு காத்தாயி வாசலுக்குப் போனாள். காத்தாயியும் லேசுப்பட்டவள் இல்லை. தெருவே கூடிவிட்டது. திறந்து கிடந்த வீட்டுக்குள் நாய் புகுந்து தயிர்ச்சட்டியை நக்கிக்கொண்டிருந்தது, அதைப் பார்க்க ஆளில்லை.

கை ஓங்குகிற நேரம். ணங்! ணங்! ணங்!

எல்லாரும் திரும்பினார்கள். கல்மேல் குடம். குடத்தோடு மல்லுக்கட்டுகிறது ஒரு கருஞ்சிட்டு. நெற்றியில் இறகு உதிர்ந்து, அலகில் ரத்தம் கசிந்து, விட்டேனா பார் என்று கொத்துகிறது.

முதலில் சிரித்தவள் காத்தாயி. “உன் எதிரியைப் பார்த்துக்கொள்ளடி வெள்ளையம்மா” என்றாள். வெள்ளையம்மாவின் முகம் செத்துப்போயிற்று. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஓடிப்போய் ஒரு சாக்கை எடுத்துக் குடத்தின்மேல் போட்டு மூடினாள்.

எதிரி மாயமாய் மறைந்தான்! கருவனுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிவிட்டான், ஓடிவிட்டான் என்று சுவர் உச்சியில் ஏறி நின்று வாலை நிமிர்த்திப் பாட வாயைத் திறந்தான். அங்கிருந்து கீழே பார்த்தான். பொந்துக்கு வெளியே ஒரு வால் தொங்கியது. அணிலின் வால்!

பாட்டு மறந்துபோயிற்று. கல் விழுகிற மாதிரி விழுந்தான் அதன் முதுகில். கொத்தினான், பிறாண்டினான், சிறகால் அறைந்தான். அணில் வாயில் கவ்விய முட்டையை மெத்தையிலேயே போட்டுவிட்டு, கிறீச்சிட்டுக்கொண்டு முருங்கைக்கு ஓடியது. முட்டை உடையவில்லை.

எல்லாவற்றையும் வேலியிலிருந்து பார்த்தபடியே செம்பி வந்து சேர்ந்தாள். முட்டையைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் மெல்லக் கேட்டாள்: “நம் முட்டையைத் தின்றவனுக்கு முதுகில் கோடு இருக்கிறது. நீ மூன்று நாளாய் அடித்தவனுக்குத் தோளில் வெள்ளை என்றாயே. அது யாருடைய தோள்?”

கருவன் தன் தோளைத் திரும்பிப் பார்த்தான். பறந்து போனான். எங்கே தெரியுமா? தான் எறிந்த பாம்புச் சட்டையைத் தேடி. முள்ளில் சிக்கிக் கிழிந்து கிடந்ததைத் தானே கவ்விக்கொண்டு வந்து, பொந்தின் வாயில் தானே தொங்கவிட்டான். மறுநாள் அணில் வந்தது, மோந்தது, பிடித்தது பார் ஓட்டம்!

முட்டை பொரிந்து ஒரே ஒரு குஞ்சு வெளியே வந்தது. மூன்று வாய் கேட்கவேண்டிய கூட்டில் ஒரு வாய்தான் கேட்டது. அது கீச்சென்று கேட்கும்போதெல்லாம் கருவன் புழுவோடு ஓடி வந்தான். வெள்ளையம்மாவுக்கோ அந்தச் சண்டை நாளில் விற்க மோர் இல்லை, தயிரை நாய் நக்கிவிட்டதே. காத்தாயிதான் தன் மோரில் பாதியை ஊற்றிக் கொடுத்தாள், அந்தக் கீறல் விழுந்த குடத்திலேயே.

ஆகையால் கேட்டுக்கொள்ளுங்கள்: இல்லாத எதிரியோடு மல்லுக்கட்டுகிறவன், இருக்கிற வீட்டைக் கோட்டை விடுவான்.