சாக்லேட்டில் விழுந்த சொட்டு

மலைமேல் இருந்த அந்தச் சிறிய ஆசிரமத்துக்குக் குரு மங்கையர்க்கரசி. அவருடைய சீடர் பூவராகனுக்குக் குருவைவிட இருபது வயது கூடுதல். கல்யாண வீடுகளில் சமைத்தே தலை நரைத்தவர்.

அன்று ஒன்பது விருந்தாளிகள் வருவதாக இருந்தது. பத்துப் பேர் வந்தார்கள். பத்தாவது ஆள், பூவராகனின் தம்பி சாரநாதன்.

பூவராகனின் மனைவி இறந்தபோது சாரநாதன் வரவில்லை. அன்றிலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

பூவராகன் சமையலறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

“அவனை நாலு மணி பஸ்ஸுக்கே அனுப்பிடட்டுமாம்மா?”

“விருந்தாளிகளுக்கு என்ன கொடுக்கப்போறீங்க?” என்று குரு கேட்டார்.

“சாக்லேட் பாகு. பழத்தை அதுல தொட்டுச் சாப்பிடணும். ஆளாளுக்குத் தனிக் கிண்ணம் வேண்டாம், நடுவுல ஒரே கிண்ணம் வைங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“அப்போ அதை முடிங்க.”

வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தில் சாக்லேட் பளபளவென்று உருகியிருந்தது. பக்கத்து அடுப்பில் க்ரீம் சூடாகிக்கொண்டிருந்தது.

“இது என்ன பெரிய வேலை? ஆயிரம் பேருக்குச் சாம்பார் கொதிக்க வெச்ச கை இது” என்றார் பூவராகன். கரண்டியைக் கழுவினார். கோபத்தோடு ஓர் உதறு உதறினார். துடைக்காமல் சாக்லேட்டில் விட்டார்.

இரண்டு சுற்றுதான் சுற்றியிருப்பார். சாக்லேட் ஈர மணலைப் போலத் திரிந்து, கரண்டியைச் சுற்றிக் கட்டியாகிவிட்டது.

“என்னம்மா இது!”

“கரண்டியில தண்ணி.”

“ஒரு சொட்டு இருந்திருக்கும்மா. ஒரே சொட்டு!”

“அது போதும் அதுக்கு.”

“அந்தச் சொட்டை வெளியில எடுக்க வழி இருக்கா?”

“தெரிஞ்சா எனக்கும் சொல்லிக் கொடுங்க.”

பூவராகனுக்கு முகம் வாடிவிட்டது. வேறு சாக்லேட் கிடையாது. கடைத்தெரு மலைக்குக் கீழே. கூடத்தில் பழங்களை நறுக்கி வைத்தாகிவிட்டது.

“க்ரீமை ஊத்துங்க” என்றார் குரு.

“கெட்டுப்போனதுல நல்லதையும் கொண்டுபோய்க் கொட்டணுமா? ஒரு சொட்டுக்கே இந்தக் கதி!”

“ஊத்துங்க.”

ஒரு கரண்டி ஊற்றிக் கிளறினார். எண்ணெய் தனியாக, கட்டி தனியாகப் பிரிந்தது.

“பாத்தீங்களா? நான் சொன்னேன்ல?” என்றார். சொன்னது பலித்ததில் அவருக்குக் கொஞ்சம் திருப்தி கூட இருந்தது.

“இன்னும்.”

இன்னொரு கரண்டி. அப்படியேதான் இருந்தது.

“இன்னும். கையை நிறுத்தாதீங்க.”

அதற்கடுத்த கரண்டியில் கட்டியின் ஓரம் இளகியது. பூவராகன் பேச்சை நிறுத்தினார். ஊற்றினார், கிளறினார். க்ரீம் முழுவதும் உள்ளே போனபோது கரண்டியிலிருந்து பாகு அறுபடாமல் வழிந்தது. முன்னைவிடப் பளபளப்பாக இருந்தது.

ஒரு துளியை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். யோசித்தார். ஒரு சிட்டிகை உப்புப் போட்டார்.

“அது எனக்குத் தோணியிருக்காது” என்றார் குரு.

பூவராகன் கதவைத் திறந்தார். கூடத்தில் ஒன்பது பேர் பாயில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. சாரநாதன் மட்டும் தள்ளி, வாசல் ஓரமாக இருந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டுவிட்டார். பை மடியில் இருந்தது.

கீழே வளைவில் பஸ் ஏறி வரும் சத்தம் கேட்டது.

“இந்தத் தடவை போனான்னா இனிமே வரமாட்டான்” என்றார் பூவராகன், தணிந்த குரலில்.

குரு வெந்நீர்ப் பாத்திரத்தின் மேலிருந்து கிண்ணத்தை எடுத்தார்.

“என் மேல தப்பு இல்லம்மா. வாசலுக்கு வந்தவன் பகையாளியா இருந்தாலும் ‘வா’ன்னு சொல்லணும். சொன்னேன். அந்த ஒரு வார்த்தைக்கு அவன் முகம் கல்லு மாதிரி ஆயிடுச்சு. வேற என்ன செய்யச் சொல்றீங்க?”

குரு கிண்ணத்தின் அடியைத் துணியால் துடைத்தார். அதைப் பூவராகனின் இரண்டு கைகளிலும் வைத்தார்.

“ஒரு சொட்டுதானே ஊத்தியிருக்கீங்க” என்றார்.