மானேஜர் சட்டையின் நீலக் கை

ஒரு தங்கச் சுரங்கத்தில் தாமோதரம் என்று ஒரு மானேஜர் இருந்தார். சயனைடு விஷத்தை ஒழித்து, அயோடின் கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுக்க ஆரம்பித்தவர் அவர்தான். நல்ல காரியம்தான். ஆனால், "என் ஆலையிலிருந்து ஒரு சொட்டு வெளியே போகாது" என்று போகிற இடமெல்லாம் பீற்றிக்கொள்வார்.

ஒருநாள் அவருடைய வெள்ளைச் சட்டைகள் சலவையிலிருந்து நீலமாக வந்தன. துவைத்தவள் ராக்கம்மா. ஆலைக்குக் கீழே ஓடும் ஓடையில்தான் அவள் துவைத்துக் கஞ்சி போடுவாள்.

"ஓடைத் தண்ணியில என்னவோ இருக்குங்க, ஐயா."

"என் ஆலையையா குறை சொல்றே? நாளைக்கு ஆலையைச் சோதிக்க அதிகாரி வர்றார். அதே ஓடையில துவைச்சு, கஞ்சி போட்டு, வெள்ளையாக் கொண்டு வா. இல்லேன்னா உனக்கு இங்கே வேலை கிடையாது!"

"பாதியாவது வெள்ளையாக் கொண்டு வரேங்க."

மறுநாள் அதிகாரி முன்னால் ஈரச் சட்டையை விரித்தாள். ஒரு கை பால் வெள்ளை, மறு கை கருநீலம்.

"வெள்ளைக் கைக்குக் கிணத்துத் தண்ணி, நீலக் கைக்கு ஓடைத் தண்ணிங்க. கஞ்சி ஒண்ணுதான். ஒருவேளை என் கஞ்சி கெட்டுப்போச்சோ என்னவோ!"

"கெட்ட கஞ்சி நீலமாகுமா, முட்டாளே? அயோடின் பட்டாத்தான் ஆகும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்!" என்று கத்திய தாமோதரம், அப்புறம்தான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அதிகாரி சிரிக்கவில்லை. "கசிவை உடனே அடைக்கணும். ஆனா, அடைச்சது எனக்கு எப்படித் தெரியும்?"

ராக்கம்மா சட்டையைப் பிழிந்தாள். "வாராவாரம் ஐயா சட்டையை ஓடையிலேயே துவைச்சுக் கொடுக்கறேங்க. அதைப் போட்டுக்கிட்டு உங்களை வந்து பார்க்கச் சொல்லுங்க."

அன்று சாயங்காலமே கசிவு நின்றது.