விட்டுப் பிடிக்கும் பிரேக்

“விழவே விழாத வண்டி எது, டீச்சர்?”

இளம்பரிதி கேட்டான். ஜொஹரா பனங்கிழங்கின் நாரை உரித்துக்கொண்டிருந்தார்.

“நிப்பாட்டி வச்சிருக்க வண்டி,” என்றார்.

கொஞ்சம் யோசித்து, “அதுவும் ஸ்டாண்டு சரியா இருந்தா,” என்றார்.

செம்மணல் மேடுகளான தேரிக்காட்டு ஓரமாக ஒரு பழைய ஓடுதளம் கிடக்கிறது. யுத்த காலத்தில் யாரோ போட்டு, பிறகு எல்லோரும் மறந்துபோனது. அதில் விமானம் இறங்கிப் பார்த்தவர் யாரும் இப்போது இல்லை. ஆடுகள் இறங்குகின்றன. காற்று அடிக்கும்போதெல்லாம் செம்மண் வந்து தாரை மூடும்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஜொஹரா அங்கேதான் நெடுந்தூரப் பயணத்துக்குப் பைக் ஓட்டப் பழக்குவார். முன்பு கல்லூரியில் இயற்பியல் நடத்தியவர். வேலையை விட்ட பிறகும் டீச்சர் என்ற பெயர் அவரை விடவில்லை. அவருக்கு இளம்பரிதியின் தங்கை வயதுதான் இருக்கும். ஆனாலும் அங்கே அவன் மாணவன்.

“விளையாட்டு வேண்டாம் டீச்சர். மாசக்கணக்காப் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“என்ன பாத்தீங்க?”

“ஒரு வண்டியில ஏபிஎஸ் பிரேக் முன்சக்கரத்துக்கு மட்டும்தான். இன்னொண்ணுல ரெண்டுக்கும் இருக்கு. வேற ஒண்ணுல மண்ரோட்டுக்குப் போனா பின்சக்கரத்துக்கு மட்டும் அணைச்சு வச்சுக்கலாம். வெளிநாட்டு வண்டி ஒண்ணு, வளைவுல சாஞ்சு போகும்போது பிரேக் போட்டாலும் பாத்துக்குமாம். ஆனா எடை ஜாஸ்தி. சீட்டும் உயரம். எனக்குக் கால் எட்டிரும். பின்னாடி ஏறுறவங்களுக்குத்தான்…”

“பின்னாடி யாரு?”

“அரசி.”

“அது அரசிக்குத் தெரியுமா?”

தூரத்தில் அவன் மனைவி அரசி, காலிப் பெயின்ட் வாளிகளுக்கு நடுவே பழைய வண்டி ஒன்றில் எட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளும் மாணவிதான். சேர்ந்த அன்றே வாளிகளைத் தட்டாமல் ஓட்டியவள். இளம்பரிதி இன்னும் தட்டிக்கொண்டிருந்தான்.

“அவ ஓட்டப் பழகட்டும். அவசரத்துக்கு உதவும். ஆனா பயணம்னா நான்தான் ஓட்டுவேன்.”

“ஏன்?”

“அவ விழக் கூடாது.”

“நீங்க விழலாமாக்கும்?”

“நான் விழுந்தா எந்திரிச்சுக்குவேன்.”

ஜொஹரா கிழங்கை ஒரு கடி கடித்து மென்று முடித்தார்.

“ஒருதரம் எந்திரிச்சுக் காமிச்சது அவங்கல்லா, அண்ணாச்சி?”

அவன் அரசி பக்கம் திரும்பிப் பார்த்தான்.

நெதர்லாந்தில், ரோட்டர்டாமில் அவன் வேலை பார்த்த காலத்தில் ஒரு குளிர்காலம் முழுக்க அரசி கண் திறக்காமல் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். நுரையீரலில் தொற்று. அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தபடியே பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். நாடியை மெஷின் பார்த்துக்கொள்ளும், நீங்கள் போய்த் தூங்குங்கள் என்றார் நர்ஸ். அவன் விரலை எடுக்கவில்லை.

ஒரு நாள் அவள் கண்ணைத் திறந்தாள். “ஏங்க, கை வலிக்கு,” என்றாள்.

அதற்கு மேல் அவனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. யாருக்காவது நன்றி சொன்னால் தேவலை என்றிருந்தது. ஆனால் அவன் அப்பா பெரியார் கட்சி. வீட்டில் யாருக்கும் கும்பிட்டுப் பழக்கமில்லை. டாக்டருக்குச் சொன்னான், நர்சுக்குச் சொன்னான், தரை துடைத்த அம்மாவுக்குக்கூடச் சொன்னான். பிறகும் மிச்சம் இருந்தது. இறக்கிவைக்க இடமில்லாமல் அதை ஊர்வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

உடம்பு தேறியதும் கடலோரமாகவே ரோடு முடிகிற வரைக்கும் பைக்கில் போவோம் என்று ஆஸ்பத்திரியிலேயே பேச்சு. வண்டிதான் இன்னும் வாங்கியபாடில்லை.

ஜொஹரா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

“வாங்க. வண்டிகிட்டயே கேட்டுருவோம்.”

இன்னொரு பழைய வண்டியைக் காட்டினார்.

“இதுல ஏபிஎஸ் கிடையாது. வேகமா வந்து, அந்த வெள்ளைக் கோட்டுகிட்ட பின்பிரேக்கை மிதிங்க.”

இளம்பரிதி வந்தான். கோடு தெரிந்தது. கோட்டின் மேல் செம்மண் தெரிந்தது. மிதித்தான்.

சக்கரம் நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை. பின்பக்கம் விலகிவந்து முன்பக்கத்தை முந்தப் பார்த்தது. கோட்டைத் தாண்டி, குறுக்குவாட்டில் போய், எப்படியோ விழாமல் நின்றது.

ஜொஹரா நடந்தே வந்து சேர்ந்தார்.

“சக்கரம் நின்னுச்சுல்லா? பெறகு ஏன் வண்டி நிக்கல?”

“பூட்டிக்கிருச்சு.”

“யாரு பூட்டுனா?”

“நான்தான். விழுந்துரக் கூடாதுன்னு கெட்டியா மிதிச்சேன்.”

“கெட்டியா,” என்றார் ஜொஹரா.

அடுத்து புது வண்டி.

“இதுல இருக்கு. ரெண்டு சக்கரத்துக்கும். அதே வேகம், அதே கோடு. ரெண்டு பிரேக்கையும் போடுங்க. என்ன ஆனாலும் விட்டுராதீங்க.”

அவன் வந்தான். பிடித்தான். மிதித்தான்.

கைக்குள் லீவர் திருப்பி உதைத்தது. காலுக்கடியிலும் கடகடவென்று ஏதோ அடித்தது. பயந்துபோய் இரண்டையும் விட்டுவிட்டான்.

வண்டி கோட்டைத் தாண்டியது. ஓடுதளத்தின் ஓரத்தையும் தாண்டியது. உடைமரப் புதருக்குள் நுழைந்து, அங்கே மேய்ந்துகொண்டிருந்த ஆட்டுக்கு முன்னால் போய் நின்றது. ஆடு அவனைப் பார்த்துவிட்டு மறுபடி மேய ஆரம்பித்தது.

“ஏன் விட்டீங்க?”

“கைக்குள்ள துடிச்சுது டீச்சர். என்னமோ உடைஞ்சிருச்சுன்னு நெனச்சேன்.”

“துடிச்சா நல்லா இருக்குன்னு அர்த்தம்.”

இளம்பரிதி சட்டையிலிருந்து முள் எடுத்துக்கொண்டிருந்தான். கை ஒரு கணம் நின்றது. பிறகு கோபம் வந்தது. அது ஜொஹரா மேலா, ஆட்டின் மேலா என்று அவனுக்கே தெரியவில்லை.

“அந்த வண்டியில கெட்டியாப் பிடிச்சது தப்பு. இந்த வண்டியில விட்டது தப்பு. நான் பிடிக்கணுமா, விடணுமா?”

“ஏபிஎஸ் என்ன செய்யுது?”

“சக்கரம் சுத்துற வேகத்தை சென்சார் பாக்கும். பூட்டிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா பிரேக் அழுத்தத்தைக் குறைக்கும். சக்கரம் உருண்டதும் மறுபடி கூட்டும். கண்ணை மூடித் திறக்கதுக்குள்ள பல தடவ.”

“தமிழ்ல சொல்லுங்க.”

“தமிழ்லதான சொன்னேன்?”

“உங்க மாமியாருக்குச் சொல்லுங்க பாப்போம்.”

அவன் யோசித்தான். மாமியாருக்கு சென்சார் என்றால் விளங்காது. அழுத்தம் என்றால் மாத்திரை போட்டாச்சா என்பார்.

“விடுது. பிடிக்குது.”

“சேத்துச் சொல்லுங்க.”

“விட்டுப்…”

அங்கேயே நின்றுவிட்டான்.

மீன் கடையில் விலை படியாவிட்டால் நாலு எட்டு நடந்துபோய், திரும்பிப் பார்க்காமலே மாமியார் சொல்லும் வார்த்தை. மகள் கோபித்துக்கொண்டு போனை வைத்தால் அரசி சொல்லும் வார்த்தை. அவனும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். பிரேக்குக்குள் அது கிடக்கும் என்று அவன் கண்டானா?

“விட்டுப் பிடிக்குது,” என்றான் மெதுவாக.

ஜொஹரா கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. தன் கிழங்கைத் தேடிப் போய்விட்டார்.

அரசி வந்து ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

“ஏங்க, முள்ளுக்குள்ள என்ன தேடுனீங்க?”

“வண்டி பாத்தேன்.”

“ஆடு என்ன சொல்லுது? வாங்கலாமாமா?”

இருவருமாகப் புது வண்டியைப் புதரிலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார்கள். ஜொஹரா அதைச் சுற்றிவந்து பார்த்தார். பிரேக்கை அழுத்திப் பார்த்தார். சக்கரத்தில் ஏறியிருந்த முள்ளொன்றைப் பிடுங்கிப் போட்டார்.

“அரசியக்கா, இதுல ஏறுங்க. அந்தக் கடைசி வரைக்கும் போயிட்டு வாங்க.”

அரசி ஹெல்மெட்டை மாட்டி ஏறி உட்கார்ந்தாள். வண்டி உயிர்பெற்றது. கிளட்சை விட்டாள். வண்டி ஒரு சாண் நகர்ந்து, முனகி, நின்றது.

மறுபடி கிளப்பினாள். மறுபடி அப்படியே.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஏங்க. கை.”

பின்சீட்டுக்குப் பின்னால் உள்ள கம்பியை இளம்பரிதியின் கை பிடித்திருந்தது. விரல் கணுவெல்லாம் வெளுத்திருந்தது. எப்போது பிடித்தான் என்று அவனுக்கே தெரியாது.

ஜொஹரா வேறு பக்கம் பார்த்தபடி கிழங்கை ஒடித்தார்.

அவன் ஒவ்வொரு விரலாக எடுத்தான்.

வண்டி போயிற்று.

நேர் ரோடு. போகப் போக அவள் சிறுத்தாள். காற்றாலையின் நிழலைக் கடந்தாள். பிறகு ஒரு புள்ளி. பிறகு, வெயிலில் தார் நெளிகிற இடத்தில், அந்தப் புள்ளியும் இல்லை.

இளம்பரிதி நின்றுகொண்டிருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பார்த்தான், அவன் வலது கை தன் இடது மணிக்கட்டையே பிடித்திருந்தது.

உள்ளே துடித்தது. நின்றது. துடித்தது.

ஒவ்வொரு தடவையும் நின்றது. ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்தது.

முதலில் சத்தம் கேட்டது. அப்புறம் புள்ளி. அப்புறம் அரசி.

வேகமாகத்தான் வந்தாள். செம்மண் மூடியிருந்த இடத்திலேயே பிரேக் போட்டாள். வண்டி இப்படியும் அப்படியும் ஆடவில்லை. மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி, கோட்டுக்கு இந்தப் பக்கமே, அவன் செருப்புக்கு முன்னால் நின்றது. புழுதி மட்டும் தாண்டிப் போயிற்று.

அவள் ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள்.

“கைக்குள்ள குறுகுறுங்கு. பொறந்த கோழிக்குஞ்சைப் பிடிச்சிருக்க மாதிரி.”

“பயமா இல்லையா?”

“எதுக்கு? உயிரோட இருக்குன்னுல்லா தெரியுது?”

அவன் தன் செருப்புக்கு முன்னால் நின்ற சக்கரத்தையே பார்த்தான்.

“என்ன நிக்கீங்க? ஏறுங்க.”

“நானா?”

“பின்ன, ஆடா?”

அவன் ஜொஹராவைப் பார்த்தான்.

“என்னைய ஏன் பாக்கீங்க? ஓட்டுறவங்களக் கேளுங்க.”

ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினான். எட்டவில்லை. அவள் தோளைப் பிடித்து, தொங்கி, தத்தி, ஒருவழியாக ஏறி உட்கார்ந்தான். உயரமான சீட்டுதான். மேலிருந்து பார்த்தால் தேரி முழுக்கத் தெரிந்தது. சிவப்பாக, அலை அலையாக, அதற்கப்பால் கோடாகக் கடல்.

வண்டி நகர்ந்தது. அவன் கைகள் எதையோ தேடின. பின்கம்பிக்குப் போகவில்லை. ஒரு கையை அவள் தோளில் இறக்கிவைத்தான். இறுக்கவில்லை.

ஜொஹரா கையைக் குவித்துக் கத்தினார்.

“எந்த வண்டின்னு முடிவாயிருச்சா அண்ணாச்சி?”

பதில் காற்றில் வந்தது.

“பின்சீட்டு நல்லா இருக்கு டீச்சர்.”